மரவள்ளியும் நிலாவரைத் தண்ணீரும்

புத்தூரில் மரவள்ளி மாத் தொழிற்சாலை அமைக்கலாமே என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் எழுதிக் கேட்கின்றனர். அவர்கள் காட்டும் முன்மாதிரி சேலம். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாச் சவ்வரிசி வருவது நின்றதும் அங்கே வளர்ந்த தொழில் அது. 1981இல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் கண்டது; 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் சவ்வரிசிக்குக் கிழங்கை அரைத்து நீரில் அலசி மாவைப் பிரிக்க வேண்டும். அந்தக் கழிவுநீரில் கிழங்கின் சயனைட் நஞ்சும் கலந்தே வரும். எமது ஊரோ சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. இன்று நிலத்தில் ஊற்றுவது நாளை கிணற்றில் நிற்கும். உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே வலிகாமத்துக் கிணறுகளில் கலந்துவிட்டது. நிலாவரையை அருகில் வைத்துக்கொண்டு இதை மறக்கலாமா?

எனினும் தொழில் வேண்டாம் என்பதல்ல என் வாதம். கிண்டியெடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். அந்த அவசரத்தில்தான் தோட்டக்காரர் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார். தோல் நீக்கித் துருவி, வெயிலில் நன்கு காயவைத்து மாவாக்கினால் அவசரமும் இல்லை, நஞ்சின் பெரும்பகுதியும் நீங்கும். ஒடியல் காயவைத்த கைகளுக்கு இது புதிய வித்தையன்று. (கூழ்ப்பானையில் ஒடியல் மாவும் மரவள்ளியும் எப்போதோ உறவாகிவிட்டன!)

வேண்டியவை ஒரு துருவும் இயந்திரமும் ஓர் உலர்த்தியுமே. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வெயிலை நம்ப முடியாது.