பயத்தில் சொன்ன 'ஆம்'



2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, "மலட்டு மாத்திரை போட்டாயா?" என்று ஒரு கூட்டம் காசாளரைச் சூழ்ந்து அதட்டியது. சிங்களம் சரியாக விளங்காத அவர் பயத்தில் 'ஆம்' என்றார். அந்த வீடியோ பேஸ்புக்கில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது.

செய்யாததை ஏன் ஒப்புக்கொண்டார்? பலர் சேர்ந்து நெருக்கினால் வாய் உண்மையைத் தேடாது, தப்பும் வழியைத்தான் தேடும். யுத்த காலத்தில் ஆயுதத்தின் முன் தலையாட்டியதை நினைத்து இன்றும் குமைகிறீர்களா? அது உங்கள் குற்றமல்ல.

மிரட்டல் இல்லாத இடத்திலும் இப்படி நடக்கும். 1951இல் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். பேசிவைத்த குழுவினர் பிழையாகச் சொல்ல, விஷயம் தெரியாதவர்களில் நான்கில் மூவர் ஒரு தடவையாவது அதையே சொன்னார்கள். ஒரேயொருவர் சரியாகச் சொன்னபோதோ, அந்தப் பிழைகள் கால்வாசியாகக் குறைந்தன.

கடன் குழுவில், "எல்லாரும் கையெழுத்து வெச்சிட்டாங்க, நீங்களும் வைங்க" என்கிறார்கள். பக்கத்திலிருப்பவர் தயங்குகிறார். "ராத்தா கேக்கிறது சரிதான். எனக்கும் விளங்கல்ல, வாசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த ஒரு குரல் அவருக்குப் போதும்.