பெயர் எழுதிக் கொடுத்தீர்களா?

போன வாரம், மாலை மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வாசகி அழைத்தார். கிள்ளான் பக்கம் இருப்பவர். வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயில் தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டதாம். சோபாவை மேசை மேல் ஏற்றிவிட்டு, பேரப்பிள்ளைகளைப் படுக்கை மேல் உட்காரவைத்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார். “ஐயா, அரசாங்கம் அவசரகாலம்னு அறிவிச்சாத்தானே உதவிப் பணம் வரும்? போன தடவ அறிவிக்கவே இல்லியே. இந்தத் தடவயாவது அறிவிப்பாங்களா?”

நல்லவேளையாக அன்று மழை விட்டுவிட்டது. தண்ணீர் வாசற்படியோடு நின்றது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒவ்வொரு பருவமழைக்கும் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். கேட்பவர்கள் படிக்காதவர்கள் அல்ல. போன வருடம் கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

குழப்பம் இரண்டு சொற்களில் இருக்கிறது. ஒன்று ‘டாருராட்’, மற்றொன்று ‘பென்சானா’. தமிழில் முதலாவதை அவசரகாலம் என்கிறோம், இரண்டாவதைப் பேரிடர் என்கிறோம். பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சட்டத்தில் இரண்டுக்கும் வெகுதூரம்.

அவசரகாலம் என்பது கூட்டரசு அரசமைப்பின் 150ஆவது பிரிவில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொருளாதார வாழ்வு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்குக் கடும் ஆபத்து வந்தால் மாமன்னர் பிரகடனம் செய்வது. 1969 மே கலவரத்தின்போது செய்யப்பட்டது. 1977இல் கிளந்தானில் அரசியல் நெருக்கடிக்காகச் செய்யப்பட்டது. கோவிட் காலத்தில் 2021 ஜனவரி தொடங்கி ஆகஸ்ட் 1 வரை நாடு முழுவதும் இருந்தது. நாடாளுமன்றம் மாதக்கணக்கில் கூடாமல் இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த அவசரகாலத்தின் வேலை ஆளும் அதிகாரத்தைப் பற்றியது. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நாசமானதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புகைமூட்டத்தின்போது மட்டும் இந்தச் சொல் வேறு மாதிரி புழங்கியது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூன் 23ஆம் தேதி மூவாரில் அது 746ஐத் தொட்டது. அன்று மூவாருக்கும் லேடாங்கிற்கும் அவசரநிலை என்று அறிவித்தவர் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜி. பழனிவேல். பள்ளிகளை மூடுவதற்கும் அலுவலகங்களை அடைப்பதற்கும் ஆட்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்வதற்கும்தான் அது. புகைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று யாரும் காசு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

வெள்ளத்துக்கு வருவோம். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியபோது பிரதமர் துன் அப்துல் ரசாக் தீபகற்பத்துக்குத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். 32 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் “அந்த வெள்ளம்” என்றால் இதைத்தான் சொல்வார்கள். அதன் பிறகு 1993 டிசம்பர் 11ஆம் தேதி ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் பலியானார்கள். மீட்கப் போனவர்களில் யார் யாருக்கு உத்தரவிடுவது என்பதே தெரியாமல் இருந்தது. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் தேசிய பாதுகாப்பு மன்றத்தின் 1997ஆம் ஆண்டு 20ஆம் எண் உத்தரவு. பேரிடரை மூன்று படியாகப் பிரித்தது அது. சிறியது என்றால் மாவட்ட அதிகாரி தலைமையில் ஒரு குழு. பெரிதானால் மாநிலச் செயலாளர் தலைமையில். இரண்டு மூன்று மாநிலங்களுக்குப் பரவினால் கூட்டரசு அளவில், துணைப் பிரதமர் தலைமையில். 2015 அக்டோபரில் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் வந்தது, பிரதமர் துறையின் கீழ்.

ஆக, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊரில் முதலில் முடிவெடுக்கும் மனிதர் மாவட்ட அதிகாரி. மாமன்னர் வரை போக வேண்டிய காரியம் இல்லை. மாவட்ட அளவில் பேரிடர் என்று ஆனதும் தற்காலிக நிவாரண மையம் திறக்கிறார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடம் அல்லது சமூக மண்டபம். சமூக நல இலாகா சாப்பாட்டையும் பாயையும் கவனிக்கிறது. கூட்டரசின் பேரிடர் நிதியிலிருந்து பணம் வருவதற்கு அந்த மையத்தின் பதிவேடுதான் ஆதாரம்.

நம்மைக் குழப்புவதில் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் புயல் அடித்தால், ‘அதிபர் பேரிடர்ப் பகுதியாக அறிவித்தார்’ என்று செய்தி வரும். அங்கே அந்தக் கையெழுத்துக்கு உண்மையிலேயே விலை உண்டு. மாநில ஆளுநர் கேட்க வேண்டும், அதிபர் அறிவிக்க வேண்டும், அதன் பிறகுதான் கூட்டரசுப் பணப்பெட்டி திறக்கும். 1988இல் வந்த ஒரு சட்டம் அப்படி அமைத்திருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரே ஒரு பூட்டும் ஒரே ஒரு சாவியும் இல்லை. அதில் வசதியும் இருக்கிறது, தொல்லையும் இருக்கிறது.

2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியது. கோலக்கிராயில் வீடுகள் அடியோடு போயின. நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். ஏன் அவசரகாலம் அறிவிக்கவில்லை என்று ஊரே கேட்டது. அப்போதைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் சொன்ன காரணம், அப்படி அறிவித்தால் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தரும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும் என்பது. சரி, காப்புறுதி எடுத்தவனுக்கு அது ஆறுதல். கம்பத்துப் பலகை வீட்டில் இருந்தவரிடம் என்ன காப்புறுதிப் பத்திரம் இருந்திருக்கும்? அந்த வருடம் குடும்பத்துக்கு 500 வெள்ளி கொடுத்தார்கள்.

காப்புறுதி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன், வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அதிகம். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது. ‘பென்சானா காஸ்’ என்ற இணைப்பைத் தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கட்டி எடுக்க வேண்டும். சாலைவரி புதுப்பிக்கும்போது முகப்பில் இருக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

2021 டிசம்பர் 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மழை பிடித்தது. சனிக்கிழமை முழுதும் விடவில்லை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஆட்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். படகு வருவதற்குள் இரண்டு இரவுகள் போன வீடுகள் உண்டு. அரசாங்கத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் சொந்தப் படகு வைத்திருந்த பிள்ளைகளும், சோறு பொட்டலம் கட்டிய குருத்துவாராக்களும் கோயில்களும். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புள்ளிவிவர இலாகா பின்னர் கணக்கிட்ட இழப்பு 610 கோடி வெள்ளி, அதில் பாதிக்கு மேல் சிலாங்கூருக்கு.

அப்போதுதான் வாங் இஹ்சான் என்ற பெயர் நம் வீடுகளில் புழங்க ஆரம்பித்தது. குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி, கூட்டரசு கொடுத்தது. சிலாங்கூர் மாநில அரசு தன் பங்குக்கு இன்னொரு 1,000 வெள்ளி கொடுத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10,000 வெள்ளி. மின்சாரப் பொருள் வாங்க 500 வெள்ளிப் பற்றுச்சீட்டு. வங்கிகள் ஆறு மாதம் வரை கடன் தவணையைத் தள்ளிவைத்தன. இஹ்சான் என்றால் அருள், கருணை என்று பொருள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது அது. சட்டத்தைக் காட்டி ‘எனக்குச் சேர வேண்டியது’ என்று கேட்கும் பணம் அன்று அது இல்லை. கருணைக்கு அளவு போடுவது கொடுப்பவர் கையில். 500 ஆக இருந்தது 1,000 ஆனது அப்படித்தான்.

என் சின்னம்மாவின் கதையைச் சொல்கிறேன். அந்த டிசம்பரில் அவர் வாடகை வீட்டில் இருந்தார். தண்ணீர் முட்டிக்கு வந்தபோது மருமகன் காரில் வந்து ரவாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். நிவாரண மையத்துக்குப் போகவில்லை. “நமக்கு இடம் இருக்கு. இல்லாதவங்க போகட்டும். அரசாங்கத்துக்கு எதுக்குச் செலவு?” என்றார். நல்ல மனசு. மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது மெத்தை, அலமாரி, சாமிப்படம் எல்லாம் சேறு. பக்கத்து வீட்டாருக்குப் பணம் வந்தது. சின்னம்மாவுக்கு வரவில்லை. பட்டியலில் பெயர் இல்லை.

அலுவலகத்துக்குப் போனார். அது எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. முகப்பில் இருந்தவர் அடையாள அட்டையைப் பார்த்தார். முகவரி ஒரு தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டத்தை மூடி, மேம்பாட்டாளர் வீடு கட்டி விற்று வருடக்கணக்காகிவிட்டது. சின்னம்மா அட்டையை மாற்றவே இல்லை. மின்கட்டண ரசீதைக் கேட்டார்கள். அது வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம்? வாய்ப்பேச்சுதான், மாதாமாதம் கையில் காசு. “அப்போ நீங்க அங்க இருந்தீங்கன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாராம். இருபது வருடம் குடியிருந்த வீட்டில் தான் இருந்ததை நிரூபிக்கச் சொன்னதும் சின்னம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. பணத்துக்காக இல்லை என்றார். நான் நம்புகிறேன்.

கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது. அந்த வாரங்களில் எத்தனை ஆயிரம் பெயர்களை அவர்கள் சரிபார்த்திருப்பார்கள்! வெள்ளமே வராத வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்றார்கள் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் தோட்டத்திலிருந்து வெளியேறி வாடகை வீடுகளில் சிதறிய நம் குடும்பங்களில் எத்தனை பேருடைய அட்டையில் இன்றைக்கும் இல்லாமல் போன தோட்டத்தின் பெயர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளம் வந்த பிறகு அதைத் தேடுவதில் பயனில்லை.

கடைசியில் உதவியது பேரனின் கைப்பேசி. வெள்ளிக்கிழமை ராத்திரி விளையாட்டாக எடுத்த படங்கள், தேதியோடு. சுவரில் தண்ணீர்க் கோடு, அதன் பின்னால் சின்னம்மாவின் திருமணப் படம். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஒரு மலாய்க்காரர், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். போலிஸ் புகார் ஒன்றையும் சேர்த்தார்கள். மார்ச் மாதம் பணம் வந்தது.

அந்த வாசகிக்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான். அவசரகால அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம் அம்மா. தண்ணீர் ஏறினால் தற்காலிக நிவாரண மையத்துக்குப் போய்க் குடும்பத்தில் எல்லார் பெயரையும் பதியுங்கள். உறவுக்காரர் வீட்டில் தங்கப்போனாலும் முதலில் பதிந்துவிட்டுப் போங்கள். போக முடியாவிட்டால் பெங்குலுவுக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ அந்த வாரமே தெரியப்படுத்துங்கள். விதிகள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் மாறுகின்றன, அதனால் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று விட்டுவிடாமல் நேரில் கேளுங்கள். துடைக்கும் முன்னால் படம் எடுங்கள். நாம் முதலில் செய்வதே துடைப்பதுதான். அடையாள அட்டை வெள்ளத்தில் போனால் பதிவு இலாகாவில் பாதிக்கப்பட்டோருக்குக் கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுப்பது வழக்கம். முகவரி பழையதாக இருந்தால் மழைக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “என் அட்டையில காப்பார் தோட்டம்தான் ஐயா இருக்கு,” என்றார்.

சின்னம்மா இப்போது எல்லாத் தாளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு மைலோ டின்னுக்குள் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார். வாடகை ஒப்பந்தமும் எழுதி வாங்கிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது மேகம் இருண்டது. பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு ஏறி, டின் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். பிறகு தேத்தண்ணீர் போடப் போனார்.