நன்கொடையும் கொறடாவும்

தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர்களின் நலனுக்காகவே மக்கள் பிரதிநிதிகள் வாக்களிக்கின்றனர் என்று நாம் சொன்னால் உடனே ஒரு மறுப்பு எழுகின்றது. ‘எந்த உறுப்பினர், எந்த மசோதாவில், யாரிடம் எவ்வளவு பெற்றுத் தம் வாக்கை மாற்றினார்? காட்டுங்கள் பார்ப்போம்’ என்கின்றனர். கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அது நம் நாட்டுக்குப் பொருந்தாத கேள்வி.

அமெரிக்காவில் அதற்கு இடமுண்டு. அங்கே உறுப்பினர் ஒருவர் தம் கட்சியை எதிர்த்து வாக்களித்தாலும் பதவி பறிபோவதில்லை. யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பதும், வேட்பாளருக்கு யார் பணம் தந்தார் என்பதும் பெரும்பாலும் பெயரோடு பதிவாகின்றன. இரண்டையும் ஒப்பிட்டு அறிஞர்கள் பல்லாண்டுகளாகக் கணக்குப் பார்த்து வருகின்றனர். பணம் வாக்கைத் திருப்புகிறது என்போரும் உளர். ஏற்கெனவே ஒத்த கருத்துடையோரைத் தேடியே பணம் போகிறது என்போரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை.

இங்கே நிலைமை வேறு. 1985இல் வந்த 52ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். கட்சி தாவுவோரை அடக்க வந்த சட்டம் அது. அதன் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. விளைவு என்னவாயிற்று? மக்களவையின் 543 உறுப்பினர்களின் நாவும் ஒரு சில தலைவர்களின் கைக்குப் போயிற்று. நன்கொடையாளர் 543 வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. கட்சித் தலைமையின் வாசல் ஒன்றே போதும். அங்கே கொடுத்த பணம் எந்த உறுப்பினரின் வாக்கை மாற்றியது என்று தேடுபவர், கிணற்றில் தொலைத்ததைக் குளத்தில் தேடுகிறார்.

சான்று வேண்டுமா? 2014 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஸ்டெர்லைட், சேசா ஆகிய நிறுவனங்களிடம் காங்கிரசும் பாரதீய ஜனதாவும் நன்கொடை பெற்றது அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு விரோதம் என்பது அத்தீர்ப்பு. தூத்துக்குடி மக்களுக்கு ஸ்டெர்லைட் யாரென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரு கட்சிகளும் உச்சநீதிமன்றம் சென்றன. 2016இல், அயல்நாட்டு நிறுவனம் என்பதன் இலக்கணமே திருத்தப்பட்டது. திருத்தம் 2010 முதல் செல்லும் என்றனர். தீர்ப்பில் கண்ட நன்கொடைகளோ அதற்கும் முந்தியவை. ஆகவே 2018 மார்ச்சில் இன்னொரு முறை திருத்தி, 1976 ஆகஸ்ட் 5 முதலே செல்லும் என்றாக்கினர். நாற்பத்தோராண்டுப் பிழையை ஒரே வரியில் கழுவிவிட்டனர்!

எப்படி நிறைவேறிற்று தெரியுமா? நிதி மசோதாவின் மடியில் ஒளிந்து வந்தது. அவையில் ஆந்திர உறுப்பினர்கள் சிறப்புத் தகுதி கேட்டு முழங்கினர். நம் தமிழக உறுப்பினர்கள் காவிரிக்காக முழங்கினர். அந்த அமளியினூடே, விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. குரலுக்குப் பெயரில்லை. எந்த உறுப்பினர் ஆதரித்தார் என்ற பட்டியலே இல்லாதபோது, ‘காட்டுங்கள் பார்ப்போம்’ என்று நம்மிடம் கேட்பது என்ன நியாயம்?

தேர்தல் பத்திரங்களின் கதையும் இதற்கு உடன்பிறப்பே. 2017இல் அதுவும் நிதி மசோதாவில்தான் ஏறி வந்தது. நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு ஏழரைக்கு மேல் தரலாகாது என்ற வரம்பு எடுபட்டது. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுக்கலாம் என்றாயிற்று. வரம்பு வேண்டுமென மாநிலங்களவை கோரிய திருத்தத்தை மக்களவை தள்ளிவிட்டது. பிறகு சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. 2024 பிப்ரவரி 15இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அத்திட்டத்தைச் செல்லாதென்றனர். பணம் கொடுப்பவருக்குச் சட்டமியற்றுவோரின் கதவு திறக்கிறது, அது கொள்கை வகுப்பதில் செல்வாக்காக மாறுகிறது என்பதை நீதிமன்றமே ஏற்றது.

கணக்கு வெளியானபோது நம் வீட்டுச் செய்தியும் வந்தது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு, அதனினும் கூடுதலாக வங்கத்தின் திரிணாமுல் காங்கிரசுக்கு. தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அத்தடை நீங்கிவிடவில்லையே என்று கழகத்தார் கேட்கலாம். உண்மைதான், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒத்த கருத்துடையோருக்கே பணம் போகிறது என்ற வாதம் இங்கே என்னாகிறது? வெவ்வேறு கொள்கை பேசும் கட்சிகளுக்கெல்லாம் ஒரே கை வாரி வழங்குமானால், அக்கை எந்தக் கொள்கைமேல் காதல் கொண்டது?

நம்மவர்க்கு இதற்கோர் உரைகல் உண்டு. ஜகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, பொதுநிதிக்குரியது இதுவென்றும் தமக்கு அன்பளிப்பாக வந்தது அதுவென்றும் பிரித்து வைத்த வரலாற்றை நம் குழந்தைகளும் மதரஸாவில் கேட்டிருப்பர். பெற்றோர் வீட்டில் சும்மா இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்றே நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். வாக்கு மாறியதா என்று கேட்கவில்லை. எதற்காக வந்தது என்று கேட்டார்கள். (இந்த உரைகல்லை நம் மஹல்லாக்களிலும் வைத்துப் பார்க்கலாம். பெருஞ்சந்தா கொடுப்பவர் ஜமாஅத் கூட்டத்தில் இருமினாலும் அது தீர்மானமாகிவிடும் ஊர்கள் சிலவற்றை நாம் அறிவோம்.)

பத்திரத் திட்டம் ஒழிந்தது. நிறுவனங்களுக்கான பழைய வரம்பும் திரும்பிற்று. 1976 வரை பின்னோக்கிச் சென்று கட்சிகளைக் காத்த அந்த 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தையோ 2024 தீர்ப்பு தொடவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்தமுறை வாக்குக் கேட்டு வரும்போது, அந்த வரியை நீக்கப் பெயர்வாரி வாக்கெடுப்புக் கேட்பீரா என்று வினவுங்கள். கொறடாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பாராயின், நாம் மேலே சொன்னவற்றுக்கு அவரே சாட்சி.