சேர்வராயன் மலைப் பிள்ளைக்கு தாத்தாவோட பேரை யார் தேடித் தரணும்? (நீண்ட த்ரெட்)

1/
ஆவணக் காப்பகம்னு சொன்னதுமே பாதிப் பேர் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவீங்கன்னு தெரியும். ஒரு டாக்டர் ஏன் இதைப் பேசணும்னும் கேப்பீங்க. மலையில பிறந்த ஒரு பிள்ளைக்கு எம்பிபிஎஸ் சீட் கிடைக்கிறதும் கிடைக்காததும், அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு எழுத்தர் ரிஜிஸ்டர்ல எழுதின ஒரே ஒரு வரியில தொங்குது. அதான் காரணம். டீ வெச்சுக்கிட்டு படிங்க.

2/
ஏற்காடு போனவங்களுக்கு சேர்வராயன் கோயில் தெரியும். மலை உச்சி, 5,326 அடி. குனிஞ்சு நுழையற குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாசத் திருவிழாவுக்கு சுத்துப்பட்டு மலைக்கிராமங்கள்ல இருந்து மலையாளி மக்கள் திரண்டு வருவாங்க.

கேரளா மலையாளி இல்லைங்க. இவங்க மலையில வாழற, தமிழ் பேசற பழங்குடி. இதை விளக்கியே இவங்களுக்குப் பாதி ஆயுசு போகுது.

3/
ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டுல இப்போ அப்படி இருக்கிறது ரெண்டே ரெண்டு, இன்னொன்னு சேந்தமங்கலம். அதாவது இந்த மலையில பழங்குடி மக்கள் இருக்காங்கன்னு தேர்தல் வரைபடத்துக்கே தெரியும்.

ஆனா அதே மலையில இருந்து ஒரு பொண்ணு 'நான் பழங்குடி'ன்னு எழுதிக் குடுத்தா, "ஆதாரம் எங்கம்மா?"

4/
இந்த 'ஆதாரம்' எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். தமிழ்நாட்டுல 1989 நவம்பர்ல இருந்து பழங்குடி சாதிச் சான்றிதழை தாசில்தார் தர முடியாது, ஆர்.டி.ஓ.தான் தரணும். 1994-ல மாதுரி பாட்டீல் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அந்தச் சான்றிதழை மாநில அளவிலான ஆய்வுக் குழு மறுபடி சோதிக்கலாம். 2011-ல ஆனந்த் வழக்குல இன்னொரு விஷயம் சொன்னாங்க: சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கு சான்று மதிப்பு அதிகம். 2023-லயும், பழக்கவழக்கம், சடங்கு எல்லாம் கேட்டுப் பாக்கற சோதனை மட்டுமே முடிவு ஆகிடாது, பழைய ஆவணத்துக்குத்தான் கனம்னு மூணு நீதிபதிகள் அமர்வு சொல்லிடுச்சு.

சட்டத்தோட பார்வையில இதுல தப்பே இல்லை. நான் ஏத்துக்கறேன்.

5/
ஆனா 1947-க்கு முன்னாடி மலைக்கிராமத்துல காகிதம் எழுதினது யாரு? சர்க்கார். அதை வெச்சுக் காப்பாத்த வேண்டியது யாரு? சர்க்கார். செல்லரிக்க விட்டது? அதுவும் அதே ஆள்தான். இப்போ அந்தக் காகிதத்தைக் கொண்டு வான்னு கேக்கறது மட்டும் காபி எஸ்டேட்ல தினக்கூலிக்குப் போற அப்பன்கிட்ட.

ஆஸ்பத்திரியே ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைச்சிட்டு, "ரிப்போர்ட் இல்லாம ட்ரீட்மென்ட் கிடையாது"ன்னு நோயாளியைத் திருப்பி அனுப்பினா சும்மா விடுவீங்களா? வீடியோ எடுத்துப் போட மாட்டீங்க?

6/
"பழைய காகிதமே இல்லை, என்ன பண்றது"ன்னு யாராவது ஆரம்பிச்சா நம்பாதீங்க. நிறையவே இருக்கு.

எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-ல மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸா ஆரம்பிச்சது. செங்கல் சிவப்புல அழகான கட்டடம். 1670-களில் இருந்து கும்பினிக் காகிதம் அங்கே இருக்கு. சேலம் பக்கம் 1792-ல ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊரா அளந்து எழுதினாங்க. அந்த பாராமகால் ஆவணங்களை 1907-ல இருந்து புத்தகமாவே அச்சுப் போட்டாங்க. 1883-ல லெ ஃபானு எழுதின சேலம் மாவட்டக் கையேடு இருக்கு. 1918-ல ரிச்சர்ட்ஸ் எழுதின கெசட்டியர் இருக்கு. தர்ஸ்டன் 1909-ல போட்ட சாதிகள், பழங்குடிகள் தொகுப்புல மலையாளிகள் பத்தி தனிக் கட்டுரை இருக்கு: காஞ்சியில இருந்து அண்ணன் தம்பிங்க மூணு பேர் கிளம்பி மூணு மலைக்குப் போன கதை, அதுல பெரியண்ணன் வழி சேர்வராயன் மலையில தங்கினது, எல்லாம்.

7/
எதுக்கு இவ்வளவு எழுதினாங்க? மலைமக்கள் மேல பாசமா? வரி. அப்புறம் காபி. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டு வந்தார். எஸ்டேட் பெருகப் பெருக, மலைமக்களோட காடும் மேய்ச்சலும் சுருங்குச்சு. இதை வரலாற்று ஆய்வாளர் வேலாயுதம் சரவணன் ஆவணங்களைத் தோண்டி எழுதியிருக்கார்.

அதாவது, நிலம் எப்படிக் கைமாறுச்சுங்கிற கதையை ஒரு ஆய்வாளர் ஆவணங்கள்ல இருந்து எடுக்க முடியுது. நிலம் போன குடும்பத்தோட பேரன் தன் பரம்பரைக்கு ஒரு காகிதம் எடுக்க முடியல. மலையில இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம், அங்கிருந்து ராத்திரி பஸ் பிடிச்சு சென்னை. போனா "என்ன ஆய்வு, எந்தப் பல்கலைக்கழகம், கடிதம் இருக்கா?" ஆய்வாளருக்குன்னு கட்டின வாசல் அது. கூலிக்காரருக்கு அந்த வாசல்ல என்ன கேக்கணும்னே தெரியாது. சொல்லித்தரவும் ஆள் இல்லை.

8/
இன்னொரு சிக்கல். கெசட்டியர்ல சமூகத்தோட பேர் இருக்கும், தனி ஆள் பேர் இருக்காது. தாத்தா பேர் வேணும்னா பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர், ஊர் பிறப்பு இறப்புப் பதிவேடு, நிலவரித் திட்டப் பதிவேடு, இதெல்லாம் வேணும். இது எதுவும் எழும்பூர்ல பத்திரமா இருக்காது. பள்ளிக்கூட பீரோ மேலயும், தாலுகா ஆபீஸ் ரெக்கார்ட் ரூம்லயும் கிடக்கும். 1980-ல பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை அரசு ஒழிச்சுது. நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. ஆனா தலைமுறையா அவங்க வீட்டுப் பெட்டியில இருந்த கணக்குகள் மொத்தமும் ஒழுங்கா கைமாறி வந்துச்சான்னு உங்க ஊர்ல விசாரிச்சுப் பாருங்க.

9/
அப்படியே ரிஜிஸ்டர் கிடைச்சாலும் நிம்மதி இல்லை. மலையாளிகள் பேருக்குப் பின்னாடி 'கவுண்டர்'னு போட்டுக்கறது பழைய வழக்கம். தர்ஸ்டன் காலத்துலயே இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அதையே சாதிக் கட்டத்துல எழுதிட்டார்னா முடிஞ்சது. "கவுண்டர்னு இருக்கே, நீ எப்படி எஸ்.டி.?" இதுக்கான பதில் நூறு வருஷமா அச்சுல இருக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கறவருக்கு அந்தப் பக்கத்தை யாரும் எடுத்துக் குடுக்கல, அவ்வளவுதான்.

10/
காகிதத்துல ஒரு சொல் விட்டுப்போனா என்ன ஆகும்? ஈரோடு மாவட்டத்தைப் பாருங்க. பர்கூர் மலையிலயும் மலையாளி மக்கள் இருக்காங்க. பழங்குடிப் பட்டியல்ல மலையாளிங்கிற பேருக்குப் பக்கத்துல மாவட்டங்கள் குறிச்சிருக்கும்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கோயம்புத்தூர் கிடையாது. ஈரோடு 1979-ல கோயம்புத்தூர்ல இருந்து பிரிஞ்ச மாவட்டம். அதனால ஈரோட்டு மலையாளி பழங்குடி இல்லை. மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் பொண்ணு குடுத்தவர் பழங்குடி, அந்தப் பக்கம் கட்டினவர் இல்லை.

11/
இது சலுகை விஷயம் மட்டும்னு நினைக்காதீங்க. வன உரிமைச் சட்டம் 2006 படி, பழங்குடியா இருந்தா 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடி அந்த நிலத்துல இருந்ததைக் காட்டினாப் போதும். பட்டியல்ல இல்லைன்னா 'பிற பாரம்பரிய வனவாசி'. அவங்க அந்தத் தேதிக்கு முன்னாடி 75 வருஷம், மூணு தலைமுறை, காட்டுல வாழ்ந்ததைக் காட்டணும். கணக்குப் போடுங்க. 1930-க்குப் போகணும். பர்கூர் மலையில 1930-க்கான ஆதாரம் எங்கே கிடைக்கும்? மறுபடியும் அதே பூட்டின அறை.

இத்தனைக்கும் இந்தச் சட்டத்தோட விதிகள் ரொம்பப் பெருந்தன்மையானவை. விதி 13-ஐப் படிச்சுப் பாருங்க. கெசட்டியர், கணக்கெடுப்பு, நில அளவை அறிக்கை மட்டும் இல்லை. கிணறு, சுடுகாடு, புனித இடம், ஊர்ப் பெரியவங்க சொல்லி எழுத்துல வாங்கின வாக்குமூலம், எல்லாமே சான்று. அதன்படி பார்த்தா ஒரு குகைக் கோயிலே ஆவணம்தான். சட்டம் கல்லையும் சொல்லையும் ஏத்துக்குது. அந்தப் பெரியவங்க சொல்றதை முறையா எழுதி, கையெழுத்து வாங்கி, எடுத்துப் பார்க்கிற மாதிரி வெச்சிருக்கிற அலுவலகம் எங்கே?

அவங்க யாருக்காகவும் காத்திருக்கப் போறதில்லை. எண்பது வயசுக்காரங்களோட ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கிறவன் சொல்றேன்.

12/
சரி, என் துறைக்கு வரேன். இங்கே நாங்க ஒண்ணும் யோக்கியம் இல்லை.

மருத்துவக் கவுன்சிலோட 2002 விதிப்படி உள்நோயாளி கேஸ் ஷீட்டை மூணு வருஷம் வெச்சிருந்தாப் போதும். கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும். மூணு வருஷம்! ஒரு மலைக்கிராமத்துல மூணு தலைமுறையா ஒரே மாதிரி ரத்தசோகை வருதான்னு எப்படிக் கண்டுபிடிக்க? 2020 அறிக்கைப்படி இந்தியாவுல பதிவான மரணங்கள்ல மருத்துவர் காரணத்தைச் சான்றளிச்சது 22.5 சதவீதம்தான். மிச்சம் பேர் எதனால செத்தாங்கன்னு தேசத்துக்கே தெரியாது.

13/
எதிர் உதாரணம் ஒண்ணு. 1952-ல லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகள்கிட்ட சிக்கிள் செல் இருக்கிறதைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க. பத்திரிகை லண்டன்ல நூலக அலமாரியில பத்திரமா இருந்தது, இன்னைக்கும் யார் வேணா படிக்கலாம். அந்த நோயை ஒழிக்க நம்ம நாட்டுல தேசிய இயக்கம் தொடங்கினது 2023 ஜூலை. நடுவுல 71 வருஷம். அந்த 71 வருஷத்துல நம்ம ஆஸ்பத்திரிகளுக்கு மூட்டுவலின்னும் மஞ்சக்காமாலைன்னும் வந்து போனவங்க கேஸ் ஷீட் எல்லாம் என்ன ஆச்சு? எடைக்குப் போயிருக்கும், இல்லைன்னா எரிச்சிருப்பாங்க.

1981-ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதை நினைச்சு இன்னைக்கும் நமக்கு வயிறு எரியுது. எரியணும். அங்கே வெச்சது எதிரி. நம்ம ரெக்கார்ட் ரூம்ல நடக்கிறதுக்கு எதிரியே வேண்டாம், கையெழுத்து போட்ட 'அழிக்கலாம்' உத்தரவே போதும்.

14/
இப்போ வழக்கமா வர்ற கமென்ட்டுகளுக்கு முன்கூட்டியே பதில்.

"எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சே டாக்டர்?" வந்திருக்கு, சமீபத்திய வருஷங்களுக்கு. நீதிமன்றம் கேக்கறது தாத்தா காலத்து காகிதம்.

"போலிச் சான்றிதழ் நிறைய சார், அதான் கெடுபிடி." ஒத்துக்கறேன், போலிகள் உண்டு. ஆனா போலி வாங்கறவன்கிட்ட பணம் இருக்கு, வக்கீல் இருக்கு, அவன் பூட்டைத் தாண்டிப் போயிடுவான். பூட்டின அறை தடுக்கிறது நேர்மையானவனை மட்டும்தான். பழைய ரிஜிஸ்டரை ஸ்கேன் பண்ணி, எண் போட்டு, ஆர்.டி.ஓ.வே தேடிப் பார்க்கிற மாதிரி வெச்சா போலி அஞ்சு நிமிஷத்துல மாட்டும்.

"ரகசியம், தனியுரிமை?" நியாயமான கேள்வி. கேஸ் ஷீட்டை நாளைக்கே தெருவுல போடச் சொல்லல. இத்தனை வருஷம் மூடி வை, அப்புறம் பேரை மறைச்சுத் திறன்னு உலகம் முழுக்க காப்பகங்கள் விதி வெச்சிருக்கு. அழிச்சுட்டா மூடி வைக்கவும் ஒண்ணும் இருக்காது.

15/
நான் கேக்கறது பெரிய மாளிகை இல்லை. சேலத்துல, முடிஞ்சா ஏற்காட்டுலயே, ஒரு ஆவண அறை. தாலுகாவுல உள்ள எல்லா பள்ளிக்கூடத்தோட பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர், பிறப்பு இறப்புப் பதிவேடு, நிலப் பதிவேடு ஸ்கேன் ஆகி அங்கே இருக்கணும். எழும்பூர்ல இருக்கிற சேர்வராயன் மலை சம்பந்தப்பட்ட கோப்புகளோட நகலும் வரணும். தமிழ்ல தேடித் தர ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கணும். முக்கியமா, சான்றிதழ் கேட்டு மனு வந்தா தேடற பொறுப்பு அலுவலகத்தோடது. தேடி, "இல்லை"ன்னா எங்கெங்கே தேடினோம்னு எழுதித் தரணும்.

கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு வருஷா வருஷம் பூ வாங்கற அரசுக்கு இது முடியாதா?

16/
சட்டத்துல இடம் இருக்கு. 1993-ன் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேச அலுவலகங்களுக்குத்தான். மாநில அலுவலகங்களைக் கட்டாது. ஆனா தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(அ) எல்லாரையும் கட்டும்: ஒவ்வொரு பொது அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வெச்சிருக்கணும். 'கோப்பு காணவில்லை'ங்கிறது அந்தச் சட்டத்தோட விலக்குப் பட்டியல்லயே கிடையாது.

17/
அதனால சேலம் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய் கட்டணத்தோட ஒரு மனு போடுங்க. கேள்வி மூணு: உங்க தாலுகா ரெக்கார்ட் ரூம்ல 1950-க்கு முந்தைய பதிவேடுகள் என்னென்ன இருக்கு, பட்டியல் குடுங்க. கடைசி பத்து வருஷத்துல எதையெல்லாம் அழிச்சீங்க, உத்தரவு நகல் குடுங்க. பட்டியல் இல்லைன்னா, ஏன் இல்லை? 30 நாள்ல பதில் வரணும். வந்ததும் இந்த த்ரெட் கீழே போடுங்க, மனு போட்டவங்க பேர், முகவரியை மறைச்சுட்டு.

மலைப் பள்ளிகள்ல வேலை பாக்கற ஆசிரியர்கள் இதைப் படிச்சா: பீரோ மேல இருக்கிற அந்தப் பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரை இந்த வாரமே கீழே இறக்கிப் பாருங்க. மழை ஒழுகற சுவர்ப் பக்கம் இருந்தா இடம் மாத்துங்க.