மாப்பிள்ளை விழுந்த குழி

ஆரணிக்குத் தலை தீபாவளிக்குப் போன என் ஆபீஸ் நண்பர் நெற்றியில் 4 தையலோடு திரும்பி வந்தார்.

"என்ன சார், ராக்கெட் மேலே பாய்ஞ்சுதா?" என்று விசாரித்தோம்.

"அதெல்லாம் இல்லே. மாமனார் வீட்டுத் தறிக்குழியிலே விழுந்துட்டேன்" என்றார்.

நம்பினோம். ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுக்குள் போயிருப்பவர்கள் யாரும் நம்புவார்கள். வாசலைத் தாண்டினால் கூடம். கூடத்தில் பாதிக்கு மேல் தறி. தறிக்கு அடியில் குழி. நெய்கிறவர் அதற்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து மிதிப்பார். பழகியவர்களுக்கு அது பிழைப்பு. ராத்திரி இருட்டில் கொல்லைப்பக்கம் போகும் புது மாப்பிள்ளைக்கு அது பள்ளம்.

ஒரு மாதம் கழித்து, டீக்கடை பெஞ்சில் பாக்கி உண்மையும் வெளியே வந்தது. குழியில் விழுந்தது நிஜம். ஆனால் கால் தவறி இல்லை. மாத்திரை போட்டு.

"என் பேரை மட்டும் போட்டுடாதீங்க. மத்ததையெல்லாம் எழுதுங்க. நாலு பேராவது தப்பிக்கட்டும்" என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார். ஆகவே இனி அவர் வெறும் 'மாப்பிள்ளை'.

மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகி 5 மாதம். முதல் ராத்திரியிலிருந்தே ஒரு சங்கடம். ஒரு நிமிஷம் தாக்குப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சில நாள் ஆரம்பிப்பதற்கு முன்பே. டாக்டர்கள் இதை 'விந்து முந்துதல்' என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவர்கள் 'துரித ஸ்கலிதம்' என்கின்றன. சுவர் விளம்பரத்தில் இன்னும் என்னென்னவோ இருக்கும். பரம்பரை வைத்தியர் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் எத்தனையாம் நம்பர் ரூமில் இருப்பார், மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்பது வரை. இத்தனைக்கும் தாம்பத்திய சக்தியைப் பெருக்குகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. சுவருக்குச் சட்டம் படிக்கத் தெரியாது போலிருக்கிறது!

நம் மாப்பிள்ளை பி.காம். சுவரை நம்பவில்லை. அதைவிட ஆபத்தான ஆசாமியை நம்பினார். பழைய மேன்ஷன் ரூம்மேட். அந்த மகானுபாவர் சிகரெட் அட்டையின் பின்புறம் 'டபாக்ஸெடின்' என்று எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்பார்கள் என்று பயந்துகொண்டேதான் போனாராம். அவர்கள் கேட்டது வேறு. "30-ஆ, 60-ஆ?"

"ஸ்ட்ராங்காவே குடுங்க" என்றார் மாப்பிள்ளை. காப்பிக்குச் சொல்கிற மாதிரி.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி. மொட்டை மாடியில் மச்சான் உபசாரம், 2 பெக். மறுக்க முடியுமா, தலை தீபாவளி! கீழே வந்து 60 மில்லிகிராம் மாத்திரையை எச்சிலோடு விழுங்கிவிட்டுப் படுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போகச் சட்டென்று எழுந்தார். கூடத்தில் நாலு எட்டு. கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதில் 'ங்ங்' என்று ஒரு சத்தம். அடுத்து அவருக்குத் தெரிந்தது, தறிமரத்தில் நெற்றி, குழிக்குள் கால், சுற்றிலும் மாமனார் குடும்பம். அத்தை அலறிய அலறலில் தெருவே தீபாவளி என்று நினைத்து எழுந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் ஒரு பெண். மாப்பிள்ளையைவிட வயதில் சின்னவர். மாமனாரையும் மச்சானையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தையல் போட்டுக்கொண்டே கேட்டார்.

"குடிச்சிருக்கீங்க. சரி. வேறென்ன சாப்பிட்டீங்க?"

"அதிரசம்."

"மாத்திரை ஏதாவது?"

"த... தலைவலி மாத்திரை."

"பேரு?"

மௌனம்.

"சார், நான் டாக்டர். உங்க மாமியார் இல்லே. சொல்லுங்க."

சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. படுக்க வைத்து பி.பி. பார்த்தார். நிற்க வைத்து மறுபடி பார்த்தார். எண்கள் சரிந்திருந்தன. "இந்த டெஸ்ட்டை மாத்திரைக்கு முன்னாடி பண்ணணும். நீங்க தையலுக்கு அப்புறம் பண்ணிக்கறீங்க" என்றார்.

மாப்பிள்ளை விழுந்ததன் சூட்சுமம் இதுதான். டபாக்ஸெடின் மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தின் மீது வேலை செய்து உச்சகட்டத்தைத் தள்ளிப் போடுகிறது. மனச்சோர்வுக்கான மருந்துகளின் சொந்தக்காரன். அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் "எனக்கு ரொம்ப லேட்டாகுது டாக்டர்" என்று புகார் சொன்னதிலிருந்துதான், லேட் ஆகாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற யோசனையே பிறந்தது. டபாக்ஸெடினையும் முதலில் மனச்சோர்வுக்குத்தான் பார்த்தார்கள். உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுகிறது என்பதால் அதற்குச் சரிப்படவில்லை. இதற்குச் சரிப்பட்டது. 2009-ல் ஃபின்லாந்தும் ஸ்வீடனும் முதலில் அனுமதித்தன. அமெரிக்க மருந்துத் துறை 2005-ல் அனுமதி மறுத்தது, இன்னும் கொடுக்கவில்லை. இந்தியாவில் டாக்டர் சீட்டின் பேரில் கிடைக்கிறது.

ஆனால் சிலருக்கு இது, நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி மயக்கம் போட வைக்கும். மது சேர்ந்தால் அந்த அபாயம் கூடும். அளவு கூடினாலும் கூடும். மாப்பிள்ளை இரண்டையும் கூட்டினார். கீழே போனார்.

சரி, அப்படியானால் எப்படித்தான் சாப்பிடுவது?

முதலில் டாக்டரைப் பாருங்கள். அவர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பி.பி. பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது மயக்கம் போட்டு விழுந்திருந்தால், இதய நோய் இருந்தால், ஈரல் கெட்டிருந்தால், வெறியாட்டமோ கடுமையான மனச்சோர்வோ வந்திருந்தால், இந்த மாத்திரை உங்களுக்கு இல்லை. 18 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் இல்லை.

ஆரம்பம் எப்போதும் 30 மில்லிகிராம்தான். தேவைப்படும் நாளில், 1 முதல் 3 மணி நேரம் முன்பு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான். "அரை மணியாச்சு, ஒண்ணும் தெரியலியே" என்று இன்னொன்றை முழுங்குவது வீரம் அல்ல. 60-க்குப் போகலாமா என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும். 6 தடவை சாப்பிட்ட பிறகு அல்லது 4 வாரத்தில் திரும்பப் போய்ப் பலன் என்ன, தொல்லை என்ன என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மது கூடவே கூடாது. குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். எனவே போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். கண் இருட்டினால் அந்த இடத்திலேயே படுத்துவிடுங்கள், அல்லது உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு நடுவே தாழ்த்துங்கள். தறிக்குழி எல்லா வீட்டிலும் இல்லைதான். மாடிப்படி இருக்கிறதே?

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒளிக்காதீர்கள். மனச்சோர்வு மருந்து, ஒற்றைத் தலைவலிக்கான ட்ரிப்டான் வகை, டிரமடால் வலி மாத்திரை, இவற்றோடு டபாக்ஸெடின் சேர்ந்தால் செரடோனின் எக்கச்சக்கமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். படர்தாமரைக்குத் தோல் டாக்டர் தருகிற இட்ராகோனசோல் கூடச் சேராது. படர்தாமரைக்கும் படுக்கையறைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். ஈரலுக்குத் தெரியும். டபாக்ஸெடினை அது கரைத்து வெளியேற்றுவதை இட்ராகோனசோல் தடுத்துவிடும்.

விறைப்புக்கான சில்டெனாஃபிலையும் இதையும் ஒரே மாத்திரையாக்கி விற்கிறார்கள். 'டூ இன் ஒன்' என்றால் நமக்கு ஆசைதான். ஆனால் விறைப்பில் குறை இல்லாதவருக்கு அது எதற்கு? நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கோ சில்டெனாஃபில் யமன். இன்னும் சிலர் டிரமடாலையே இதற்காகச் சாப்பிடுகிறார்கள். அது அடிமையாக்கும் சரக்கு. 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 'சுத்தமான மூலிகை' என்று விற்கிற பொடிகள் சிலவற்றில் இதே இங்கிலீஷ் மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருப்பதை ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு மரத்துப்போக வைக்கும் ஸ்பிரே உண்டு. டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னால் அடித்து, பிறகு துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் மனைவிக்கும் மரத்துவிடும். அப்புறம் அவர் உங்களிடம் பேசுவதே சந்தேகம். தினமும் சாப்பிடும் பராக்ஸெடின் போன்ற மருந்துகளையும் டாக்டர்கள் இதற்குத் தருவதுண்டு. அவற்றை நாமாகத் தொடங்கவும் கூடாது, நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இன்னொரு முக்கியமான கேள்வி. உங்களுக்கு இந்தக் குறை இருக்கிறதா?

2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் நெதர்லாந்து, இங்கிலாந்து, ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் சுமார் 500 ஜோடிகளிடம் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். (இந்தியாவில் கொடுத்திருந்தால் கேஸ் குக்கருக்குப் போயிருக்கும்.) வரிசையில் நடுவில் நின்றவரின் நேரம் 5.4 நிமிடம். அரை மணி, ஒரு மணி என்று ஆபீஸ் கேன்டீனில் அளக்கிறவர்கள் வாட்ச் கட்டுவதில்லை என்று அர்த்தம். ஆரம்ப நாளிலிருந்தே ஏறக்குறைய 1 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, அல்லது நன்றாக இருந்தவருக்குச் சுமார் 3 நிமிடத்துக்குள் சுருங்கிவிட்டது, கட்டுப்படுத்த முடியவில்லை, அதனால் மனவேதனை. இதெல்லாம் இருந்தால்தான் டாக்டர்கள் அதைக் குறை என்கிறார்கள். நடுவில் வந்த குறை என்றால் தைராய்டு, புராஸ்டேட் வீக்கம், விறைப்புக் குறைவு என்று வேறு காரணம் இருக்கலாம். அதைக் கவனித்தால் இது தானே சரியாகலாம்.

மாத்திரையின் மகிமையையும் பார்த்துவிடுவோம். 2006-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 2,600-க்கும் மேற்பட்ட ஆண்கள். ஆரம்பத்தில் அவர்களின் சராசரி சுமார் 0.9 நிமிடம். 12 வாரம் கழித்து 30 மில்லிகிராம்காரர்களுக்கு 2.78 நிமிடம், 60-காரர்களுக்கு 3.32. பார்த்தீர்களா? 30-க்கும் 60-க்கும் உள்ள தூரம் அரை நிமிஷம்! இன்னும் தமாஷ், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களும் 1.75-க்கு வந்துவிட்டார்கள். பாதி மருந்து மனசில் இருக்கிறது.

நம் கதைக்கு வருவோம். தையல் போட்டு முடித்த டாக்டரிடம் மாப்பிள்ளை கேட்டார், "வீட்லே என்ன சொல்றது மேடம்?"

"குழியிலே விழுந்தேன்னு சொல்லுங்க, அது உண்மைதானே. ஆனா உங்க மிஸஸ் கிட்டே மட்டும் முழுசாச் சொல்லிடுங்க."

தீபாவளியன்று சாயங்காலம் சொன்னார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "அது எனக்கு ஒரு குறையாவே தெரியலைங்க. 5 மாசமா முடிஞ்சவுடனே சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்களே... என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றதாம். இதைச் சொல்லும்போது மாப்பிள்ளை டீ கிளாஸை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இருவருமாக ஒரு டாக்டரிடம் போகிறார்கள். ஈ.ஸி.ஜி. பார்த்து, பி.பி. பார்த்து, 30 மில்லிகிராம். கூடவே ஒரு பயிற்சி: நெருங்கும்போது நிறுத்தி, தணிந்தபின் தொடர்வது. 1956-ல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் சொன்ன முறை. செலவு இல்லை, ஆனால் மனைவி ஒத்துழைக்க வேண்டும். 6 மாத்திரை முடிந்து திரும்பப் போய்க் காட்டியாயிற்று. "எப்படி?" என்று கேட்டேன். "பரவாயில்லே" என்றார். முகம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சொன்னது.

உங்களுக்கும் இந்தக் கவலை இருந்தால் லாட்ஜுக்குப் போகாதீர்கள். குடும்ப டாக்டர், சிறுநீரக டாக்டர், மனநல டாக்டர், யாராக இருந்தாலும் சரி. அவர்கள் தினம் கேட்கிற விஷயம்தான் இது. வெட்கம் நமக்குத்தான்.

பாவம், அந்த மாமனார்தான். மாப்பிள்ளை விழுந்த வேகத்தில் தறியில் இருந்த முகூர்த்தப் புடவையின் பாவு இழைகள் அறுந்து போயிருந்தன. தீபாவளியும் அதுவுமாக, புது வேட்டியோடு உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக முடி போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், "மன்னிச்சுக்கணும் மாமா" என்றார்.

அவர் நிமிரவே இல்லையாம்.

"போவட்டும் மாப்பிள்ளை. எதுவா இருந்தாலும் நிதானமா இருக்கணும். அவசரப்பட்டா இழைதான் அறும்."

புடவையைப் பற்றித்தான் சொன்னாரா என்று மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.