யென் செய்வேன்!

ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் சும்மா கிடக்கின்றன. 2023-ல் அந்த நாட்டு அரசாங்கமே எடுத்த கணக்கு. பிள்ளைகள் டோக்கியோ, ஒஸாகா என்று போய்விடுகிறார்கள். கிராமத்தில் தாத்தா கண்ணை மூடினால் வீட்டுக்குப் பூட்டு. சில ஊர்களில் கார் வாங்குகிற காசுக்கு வீடே கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு என் சிநேகிதி ஒருத்தி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். விவாகரத்தானவள். எட்டு வயசில் ஒரு பையன். "வீட்டை வாங்கி கெஸ்ட் ஹவுஸ் போடப் போறேன். நீதான் பி.காம். ஆச்சே, கணக்குப் போட்டுக் குடு" என்றாள்.

போட்டேன்.

வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கத் தடையில்லை. ஆனால் வீடு வாங்கினவருக்கெல்லாம் விசா கிடையாது. தொழில் நடத்தத் தனி விசா. அதற்கு முன்பெல்லாம் 50 லட்சம் யென் மூலதனம் போதும். 2025 அக்டோபரில் 3 கோடி யென் ஆக்கிவிட்டார்கள். நம்ம பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல்! முழு நேர ஊழியர் ஒருவரும் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அடுத்தது, வீட்டில் வாடகைக்கு ஆள் தங்கவைக்க 2018-ல் வந்த சட்டம். வருஷத்துக்கு 180 நாள்தான் அனுமதி. மிச்ச நாள் சட்டப்படியே ஈ ஓட்டலாம். வருஷம் பூரா நடத்த வேண்டுமானால் லாட்ஜ் லைசென்ஸ் தனியாக எடுக்கணும்.

பையன் படிப்புக்குக் கவலையில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளையும் அரசுப் பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள்.

என்னை உறுத்தியது ஒரு குட்டி விதி. அந்த 180 நாள் சட்டப்படி வீட்டுக்காரரே கவனித்துக்கொள்வதானால், விருந்தாளி இருக்கும்போது பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே போகக்கூடாது. முடியாதென்றால் பதிவு பெற்ற நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்து, காசும் கொடுக்கணும். பையனுக்கு நடு ராத்திரி ஜுரம் அடித்தால்? புருஷன் இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவார். விசாவுக்காக வைத்த ஊழியர் அந்நேரம் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இங்கே மட்டும் என்ன வாழுதாம்? வருஷம் பூரா சொந்தக்காரங்க வர்றாங்க, சாப்பிடறாங்க, 'அவரோட மறுபடி சேர்ந்துடக் கூடாதா'ன்னு கேக்கறாங்க. அங்கே வர்றவன் காசு குடுப்பான். கேள்வி கேக்க மாட்டான்."

இந்த லாபத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை.

ஆகவே, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் கடல் தாண்டக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் செலவுப் பட்டியலில் வீட்டு விலைக்கும் மேலே, முதல் வரியில் 'ஜுர ராத்திரிக்கு ஓர் ஆள்' என்று எழுதி, எதிரே ஒரு தொகை போடுங்கள். பையனுக்கு லீவு விடும்போது ஒரு தடவை சுற்றுலாவாகப் போய், அப்படி ஒரு ஆள் அந்த ஊரில் கிடைப்பாரா என்றும் விசாரியுங்கள். கிடைத்தால் தாராளமாகப் பிளேன் ஏறலாம். கிடைக்காவிட்டால் இன்னொரு ஊர் பாருங்கள்.

90 லட்சம் வீடு. அதற்குள் தீர்ந்துவிடாது.