கிலோமீட்டர் கம்மி என்றால் நல்ல காரா?

பழைய கார் வாங்க ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறவர்களை ஒரு பேச்சு எளிதில் மயக்கிவிடுகிறது: “ஐடி கம்பெனிக்காரர் வண்டி சார். சனி, ஞாயிறு மட்டும்தான் எடுப்பார். ஆறு வருஷத்தில் முப்பதாயிரம்கூட ஓடவில்லை.” புரோக்கர் சொல்லி முடிப்பதற்குள் அட்வான்ஸ் கைமாறிவிடும்.

டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைக்க முடியும் என்பது ஊரறிந்த விஷயம். அது இருக்கட்டும், எண் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆனது. அந்நேரத்தில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் 35 கிலோமீட்டர் போய்விடலாம். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்தே சேர்த்த முப்பதாயிரம், எஞ்சின் ஓடிய நேரத்தைப் பார்த்தால் நெடுஞ்சாலையின் ஒரு லட்சத்துக்குச் சமம். கிளட்ச் பட்ட பாடு தனி. படகு எஞ்சினோ ஜேசிபியோ செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பார். கார் வாங்குகிறவருக்கு மட்டும் ஏனோ அது தோன்றுவதில்லை.

சும்மா நின்ற வண்டியும் நல்ல வண்டி இல்லை. பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். வாரம் ஒருமுறை காய்கறிக் கடைக்குப் போய்வந்த காரில் அது அடைத்துக்கொள்ளும்.

மீட்டர் தண்ணீரையும் கணக்கில் எடுக்காது. 2022 செப்டம்பர் மழையில் பெங்களூரின் யெமலூரிலும் சர்ஜாபூர் சாலையிலும் டிராக்டரிலும் ரப்பர் படகிலும் ஆட்களை வெளியேற்றினார்கள். தரைக்கீழ் பார்க்கிங்குகளில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. நின்ற இடத்திலேயே நாசமான அந்த வண்டிகளுக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டுக்கு அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. முப்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் 2019 காரில் நாலு டயரும் 2022இல் தயாரானவை என்றால், பழைய டயர்கள் எங்கே போயின என்று கேட்கத்தான் வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்ட ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள். உரிமையாளர் கேட்டால் அந்த விவரம் கிடைக்கும். அதில் 90,000 என்று இருந்தாலும், நெடுஞ்சாலையில் ஓடி, ஆயில் மாற்றத் தவறாத கார் என்றால் தாராளமாக விலை பேசலாம்.